வழு அவர்களது, தண்டம் நமக்கா?

இலக்கணம் கற்றார் அனைவரும் வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றனையும் நன்கறிவர். பிழைபடாது இயல்வது வழாநிலை, பிழைபடுவது வழு, பிழைபடினும் தக்க கரணியம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. இவ்விலக்கணம் புலவர்க்கும் பொதுமக்கட்கும் ஒன்றே. ஆனால் இந்நாட்டு வைப்பகங்களோ தமக்கென வேறோர் இலக்கணம் வகுத்துக்கொண்டுள்ளன. கணக்கு வைத்திருப்பவன் காசோலையில் ஓரிடம் பிழைத்தால் அது வழு. அதற்குத் தண்டம் உண்டு. வைப்பகமே பிழைத்துவிட்டால் அது வழுவமைதி. 'கணிப்பொறிக் கோளாறு' என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். இவ்விரட்டை இலக்கணத்தை நாம் எத்துணைக் காலம் வாய்மூடி ஒப்புக்கொண்டிருப்பது?

காசோலை என்பது யாது? பணத்துக்கு உரியவன், அப்பணத்தைக் காத்துவைத்திருப்பவனுக்கு இடும் கட்டளையே அது. இதை நாம் சொல்லவில்லை; ஆங்கிலேயன் 1881-இல் இயற்றி, இன்றளவும் நடப்பிலிருக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டமே சொல்கின்றது. கணக்கில் போதிய பணம் இருந்து, காசோலையும் முறைப்படி நீட்டப்பெற்றால், வைப்பகம் பணம் கொடுத்தே ஆகவேண்டும். கொடாது விடின், அதனால் காசோலை எழுதியவனுக்கு நேரும் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பது அதன் 31-ஆம் பிரிவு. கட்டளையிடுபவர் நாம், கேட்டு நடக்க வேண்டியவர் அவர். ஆனால் இன்று பணத்துக்கு உரியவன் கைகட்டி நிற்கின்றான். காவற்காரன் நாற்காலியில் அமர்ந்து அதட்டுகின்றான்!

அச்சட்டத்தின் 18-ஆம் பிரிவைத் தமிழர் ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். காசோலையில் எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் வேறுபடின், எழுத்தால் எழுதிய தொகையே கொள்ளப்படும் என்கின்றது அது. எண்ணினும் எழுத்தே வலிது! சட்டம் இவ்வாறு தெளிவாக வழிகாட்டியிருந்தும், இரண்டும் மாறுபடுகின்றன என்று காரணங் காட்டிக் காசோலையைத் திருப்பிவிடுவதே வைப்பகங்களின் வழக்கமாக உள்ளது. அது கிடக்க. எழுத்தே முடிவானது என்றால், அவ்வெழுத்து யாருடைய எழுத்தாக இருத்தல் வேண்டும்? எழுதுபவனுக்கு விளங்கும் எழுத்தாக அன்றோ இருத்தல் வேண்டும்? நம் உழவனும் நெசவாளியும் சிறுகடைக்காரரும் தமக்குத் தெரியாத ஆங்கிலத்தில் அத்தொகையைப் பிறரைக் கொண்டு எழுதுவித்து, அடியில் மட்டும் கையொப்பமிட்டுக் கொடுக்கின்றனர். நாற்பதற்கும் பதினான்கிற்கும் ஆங்கிலத்தில் சில எழுத்துகளே வேறுபாடு. தான் என்ன எழுதிக் கொடுத்தோம் என்பதைத் தானே படிக்கவியலாத ஒருவன், தன் பணத்துக்குத் தானே எவ்வாறு காவலாக முடியும்?

இதன் கேடு சிறிதன்று. ஒருவன் தானே விரும்பிக் கையொப்பமிட்டு வெற்றுக் காசோலையைக் கடனுக்காகக் கொடுத்துவிட்டால், பின்னர் அதை வேறொருவர் நிரப்பினாலும், அஃது ஒரு கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்னும் சட்டத்தின் முற்கோள் அவனைப் பற்றும் என உச்ச முறைமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. கணக்கிற் போதிய பணமின்றிக் காசோலை திரும்பின், 138-ஆம் பிரிவின்படி ஈராண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இருமடங்கு வரை தண்டம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். காசோலை திரும்பிய செய்தி கிடைத்த 30 நாளுக்குள் பணம் பெறவேண்டியவன் எழுத்துவழி அறிவிப்பு விடுத்தல் வேண்டும்; அவ்வறிவிப்பைப் பெற்ற 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்கில்லை. அவ்வறிவிப்பும் ஆங்கிலத்தில் வந்தால், படிக்கத் தெரியாது அதைப் பரண்மேல் எறிந்துவிட்டு, 16-ஆம் நாள் குற்றவாளியாகி நிற்கும் எளியவன் நிலையை எண்ணிப் பாருங்கள்!

பிழை திருத்தும் முறையிலும் கண்டிப்புக்குக் குறைவில்லை. காசோலையின் படிமத்தை மட்டுமே அனுப்பித் தீர்வு செய்யும் முறை வந்தபின், நாளைப் புதுப்பித்தல் தவிர, பெயரிலோ தொகையிலோ எத்திருத்தமும் செய்தலாகாது. புதிய தாளில்தான் எழுதுதல் வேண்டும். தாள் தன் கைக்கு வாராமையால், திருத்தியவன் உரியவனா ஏமாற்றுக்காரனா என்று கொடுக்கும் வைப்பகம் கண்டறிதல் அரிது. ஆகவே இந்நெறியை நாம் குறைகூறவில்லை. 2012 ஏப்பிரல் முதல் காசோலையின் வாழ்நாள் ஆறு திங்களினின்று மூன்று திங்களாகக் குறைக்கப்பட்டதையும் ஏற்றுக்கொண்டோம். நமக்கு இத்துணைக் கண்டிப்புக் காட்டுவோர், தமக்கும் அதே கண்டிப்பைக் கொண்டனரா என்பதே நம் வினா.

ரிசர்வ் வங்கி எனப்படும் நடுவண் வைப்பகம் 2013-இல் ஓர் ஆணை விடுத்தது. கணக்கு வைத்திருப்பவர்மேல் தவறு இருந்தாலன்றிக் காசோலை திரும்பியமைக்குக் கட்டணம் பெறலாகாது என்பது அது. கட்டணம் பிடிக்கப்பட்ட நம்மவருள், 'தவறு யாருடையது?' என்று கேட்டவர் எத்தனைப் பேர்?

போலிக் கையொப்பமிட்ட காசோலைக்கு வைப்பகம் பணம் கொடுத்துவிட்டால், அதை நம் கணக்கிற் பற்று எழுத அதற்கு உரிமையில்லை. கணக்கேட்டை உடனுக்குடன் பார்த்து முறையிடவில்லை என்பதையே சாக்காகக் காட்டியும் தப்ப முடியாது என்று உச்ச முறைமன்றம் 1987-இலேயே தீர்ப்பளித்தது. இருந்தும், 'நீங்கள் முன்பே பார்த்திருக்க வேண்டும்' என்னும் பழைய பாட்டையே இன்றும் பாடுகின்றனர்.

இணையவழிப் பணமாற்றில் இவ்வொருதலை முறை இன்னும் அப்பட்டமாகத் தெரிகின்றது. வைப்பகம் தவறுதலாக நம் கணக்கில் வரவு வைத்துவிட்டால், நம்மைக் கேளாமலே மறுநாள் அதை எடுத்துக்கொள்கின்றது. நாம் ஓர் எண் பிழைத்து வேறொருவர்க்கு அனுப்பிவிட்டாலோ, 'பெற்றவர் இசைந்தாலன்றி எங்களால் ஒன்றும் இயலாது' என்று கைவிரிக்கின்றது. பிழையாகப் பணம் பெற்றவன் அதைத் திருப்பித் தருதல் வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 72-ஆம் பிரிவிற் கூறுகின்றது. அச்சட்டம் வைப்பகத்துக்கு ஒன்று, மக்களுக்கு ஒன்று என இரண்டு கூறவில்லையே! பெயரைப் பாராது கணக்கெண்ணை மட்டுமே பார்த்து வரவு வைக்கலாம் என்று வைப்பகங்களுக்கு 2010-இலேயே இசைவு தரப்பட்டது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழிகளில் அனுப்புமுன் பெறுபவர் பெயரைக் காட்டும் ஏந்து 2025 ஏப்பிரலுக்குள் வேண்டும் என்னும் கட்டளை, 2024 இறுதியில்தான் பிறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பிழைத்த எண்ணால் பணமிழந்தவர்க்கு யார் மறுமொழி கூறுவார்?

உரிமைகள் இல்லாமல் இல்லை; அவை நமக்குச் சொல்லப்படவில்லை. பணப்பொறியிற் பணம் வாராமல் கணக்கில் மட்டும் பற்று விழுந்தால், 5 நாளுக்குள் வைப்பகமே அதை மீள வரவு வைத்தல் வேண்டும். தவறின், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 உருபா ஈடு, நாம் முறையிடாமலே தரல் வேண்டும் என்றது 2019-ஆம் ஆண்டின் ஆணை. கைப்பேசி வழி ஒருவர்க்கு அனுப்பிய பணம் சென்று சேராவிடினோ, மறுநாளுக்குள் திரும்பல் வேண்டும். நம் இசைவின்றி இணையவழியே பணம் பறிபோனால், தவறு நம்முடையதே என மெய்ப்பிக்கும் பொறுப்பு வைப்பகத்தையே சாரும் என்றது 2017-ஆம் ஆண்டின் ஆணை. நம் தவறும் வைப்பகத்தின் தவறும் இன்றிப் போனதாயின், மூன்று பணிநாளுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பே இல்லை என்றும் அது கூறிற்று.

இனி மொழிக்கு வருவோம். வைப்பகங்களின் வாடிக்கையாளர் பணிபற்றி நடுவண் வைப்பகம் 2015-இல் விடுத்த தலைமைச் சுற்றறிக்கை, காசோலைப் படிவம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட வேண்டும் என்றது. தமிழ்நாட்டுக் காசோலையில் இந்தி கட்டாயமாம், தமிழ் கட்டாயமன்றாம்! ஆனால் அவ்வறிக்கையே, வாடிக்கையாளர் காசோலையை அவ்வந் நிலத்து மொழியில் எழுதலாம் என்றும், கணக்குத் தொடங்கும் படிவம், செலுத்துச் சீட்டு, கணக்கேடு முதலியவை மும்மொழியில் இருத்தல் வேண்டும் என்றும் கூறிற்று. இவ்வுரிமையை நம்மிற் பல்லாயிரவர் அறியார், அறிந்தவரும் பயன்படுத்தார். ஒரு கிளையில் யான் தமிழில் எழுதி நீட்டிய காசோலையை, 'இது செல்லாது' என்றார் எழுத்தர். 'செல்லாது என்பதை எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள்' என்றேன். சிறிது பொழுதில் பணம் வந்தது! அவ்வெழுத்தரை யான் நொந்துகொள்ளவில்லை. தமிழறியாரைத் தமிழ்மக்கள் முன் அமர்த்தி, அவர்க்கு நெறியும் சொல்லிக்கொடாத மேலிடத்தையே நோகின்றேன்.

தமிழன்பர்களே! இன்றே தொடங்குங்கள். காசோலைத் தொகையை எண்ணாலும் தூய தமிழ் எழுத்தாலும் நீங்களே எழுதுங்கள். நிரப்பாத காசோலையில் எவர்க்கும் கையொப்பமிடாதீர்கள். வைப்பகம் பிழைத்தால், வாயாற் கெஞ்சாமல் தமிழிலேயே முறையீடு எழுதி, அதன் படியிற் பெற்றுக்கொண்டமைக்குச் சான்று வாங்குங்கள். 30 நாளுக்குள் மறுமொழி வாராவிடினோ, வந்த மறுமொழி நிறைவளிக்காவிடினோ, நடுவண் வைப்பகத்தின் குறைதீர்ப்பாளர்க்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

எழுத்தே எண்ணினும் வலிது என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. அவ்வெழுத்து நம் எழுத்தாக இருக்கட்டும்! வழு எவருடையதோ, தண்டமும் அவருடையதாகட்டும்!