'தினமும் வாக்கிங் போங்க'ன்னு சொல்றீங்க... ஹாஸ்டல் கேட்டை யார் திறப்பாங்க?

கல்லூரி மாணவர்களுக்கான ஆரோக்கிய அட்வைஸுக்குப் பஞ்சமே இல்லை. நல்லா சாப்பிடுங்க, நல்லா தூங்குங்க, உடற்பயிற்சி பண்ணுங்க. எல்லாம் சரிதான். ஆனா, அட்வைஸ் பண்றவங்க ஹாஸ்டல் டைம்டேபிளை ஒரு தடவையாவது பார்த்திருக்காங்களா என்பதுதான் என் சந்தேகம்.

18 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் 5 நாள், தலா அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே போதும்.

சரி, ஒரு மாணவி எப்போது நடப்பார்? நான்கரை மணிக்கு வகுப்பு முடியும். லேப் இருந்தால் ஐந்து. நம்ம ஊர் வெயிலில் அதற்கு முன்னாடி மைதானத்தில் நிற்கவே முடியாது. வெயில் தாழ்ந்து, கொஞ்சம் காற்று வர ஆரம்பிக்கும் ஆறு, ஆறரைக்கு ஹாஸ்டல் கேட் மூடிவிடும். பல கல்லூரிகளில் இதுதான் நிலைமை. அதே வளாகத்தில் பசங்க எட்டு மணி வரை ஃபுட்பால் ஆடுவாங்க. பொண்ணுங்களுக்கு மொட்டை மாடியாவது உண்டா என்றால், அதற்கும் பூட்டு. காரிடாரில் போன் பேசிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பதுதான் அவர்களுடைய வாக்கிங்.

ஏன் என்று கேட்டால் 'பாதுகாப்பு' என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத பாரபட்சமான விதிகளை மாணவியர் விடுதிகளில் திணிக்கக் கூடாது என்று பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான யு.ஜி.சி.யின் 2015 விதிமுறைகளே சொல்கின்றன. இத்தனைக்கும் இங்கே கேட்பது ஊர் சுற்ற அனுமதி இல்லை. காம்பவுண்டு சுவர், வாட்ச்மேன், சிசிடிவி எல்லாம் இருக்கும் சொந்த வளாகத்துக்குள் அரை மணி நேரம்.

சாப்பாட்டிலும் கடிகாரம்தான் வில்லன். ஏழரைக்கே இரவு உணவு முடிந்துவிடும். ஒரு மணி வரை படிப்பவருக்குப் பதினோரு மணிக்குப் பசிக்காதா? கெட்டிலில் நூடுல்ஸ் கொதிக்கும். (கெட்டிலுக்கும் தடை என்பது தனிக்கதை.) லேட்டாகத் தூங்கி எழுந்து, பாத்ரூம் க்யூவில் நின்றுவிட்டுப் போனால் மெஸ்ஸில் இட்லி காலி. கல்லூரி வளாகங்களில் ஜங்க் ஃபுட் விற்க வேண்டாம் என்று 2016-லேயே யு.ஜி.சி. சொல்லிவிட்டது. நல்ல விஷயம். பஃப்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைப்பது என்பதைத்தான் பல கேன்டீன்கள் இன்னும் யோசிக்கவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு மெஸ்ஸில் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் கொடுக்கலாம். மைதானத்தில் நாலு லைட் போட்டு, மாணவியர் கேட்டை எட்டு மணிக்கு மூடலாம். இதற்கெல்லாம் கமிட்டி போட வேண்டியதில்லை, இந்த செமஸ்டரிலேயே தொடங்கலாம்.