செருப்புக்குக் காவல்

எங்கள் அம்மையார்குப்பத்தில் ஆளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. எதிர்வீட்டுக்காரருக்குப் புறா. பக்கத்து வீட்டுக்காரருக்கு, லாட்டரியே ஒழிந்த பிறகும், நம்பர் கணக்கு. எனக்கு ரோலர் கோஸ்டர்.

தண்டவாளத்தில் மேலே போய், தலைகுப்புற விழுந்து, வளைந்து நெளிந்து, ஏறினவர்களைக் குலதெய்வத்தின் பேர் சொல்லி அலறவைக்குமே, அந்த வண்டிதான். 'இந்த வயசில் இதெல்லாம் தேவையா?' என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி முப்பத்து நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தயவுசெய்து அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கவும்.

அமெரிக்காவில் நியூஜெர்சியில் 'கிங்டா கா' என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருந்தது. 2005-ல் திறந்தார்கள். 456 அடி உயரம். 2025 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏங்க, என்ன ஆச்சு? ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"கிங்டா கா போயிடுச்சு."

"யாரு, உங்க சோளிங்கர் பெரியம்மா வழியா?" என்றாள், தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டுமா வேண்டாமா என்கிற கவலையோடு.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்த இடம் திருத்தணி. ஆடிக் கிருத்திகைக்கு நைனா எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். (எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். திருத்தணி வட்டாரம் 1960 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லையை மாற்றினார்கள். நைனாவை மாற்றவில்லை.) காவடிக் கூட்டத்தில் 365 படியும் ஏறி, முருகனைக் கும்பிட்டு, இடிபட்டு இறங்கினால், கீழே ராட்டினம்!

எங்கள் வீட்டில் ராட்டினம் என்றால் அம்மா உட்கார்ந்து தார் சுற்றுகிற ராட்டினம். நூல் சுற்றுவதை மட்டுமே பார்த்த நெசவுக்காரன் பிள்ளைக்கு, மனுஷன் உட்கார்ந்து சுற்றுகிற ராட்டினத்தைக் கண்டால் எப்படி இருக்கும்! நாலு மரப்பெட்டி. கையால் தள்ளிவிட ரெண்டு ஆள். ஒரு ஆளுக்கு நாலணா. நான், அண்ணன், தங்கச்சி மூணு பேரும் ஏறுவோம். நைனா கீழே நிற்பார். கையில் எங்கள் செருப்பு, தங்கச்சியின் பலூன், அம்மாவின் மஞ்சள் பை.

"நீயும் வா நைனா."

"எனக்குத் தலை சுத்தும்டா. நீங்க போங்க."

நைனா ஒரு பயந்தாங்கொள்ளி என்று மூணு பேரும் பெட்டிக்குள்ளேயே தீர்மானம் நிறைவேற்றிவிட்டோம்.

வாலிப வயதில் சிநேகிதர்களோடு வி.ஜி.பி. கோல்டன் பீச் போனேன். கூட வந்தவர்கள் ஆடாமல் அசையாமல் நிற்கிற சிலை மனிதரைச் சிரிக்க வைக்கக் கோமாளித்தனம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் ஆடுகிற, அசைகிற சாமான்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு லுங்கி வியாபாரம் ஆரம்பித்ததும் ஊர் ஊராகப் போகச் சாக்கு கிடைத்தது. டெல்லிக்குப் போனால் அப்பு கர். 1982 ஆசிய விளையாட்டின் சின்னமான யானைக்குட்டியின் பேரில் 1984-ல் திறந்து, 2008-ல் மூடினார்கள். மும்பைக்குப் போனால் 1989-ல் வந்த எஸ்ஸெல் வேர்ல்ட். கோராய்க்குப் படகில் போகவேண்டும். பாக்கி வசூல் ஆகாத நாளிலும் நான் சிரித்த முகமாகத்தான் ரயில் ஏறுவேன். சேட்டுகளுக்கே அது புரிந்ததில்லை.

இந்த லட்சணத்தில்தான், பேரனின் பரீட்சை லீவுக்குச் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலை ஒட்டி இருக்கும் ஒரு பூங்காவுக்குக் கிளம்பினோம். நான், மனைவி, மாப்பிள்ளை, ஒன்பது வயதுப் பேரன். மகளுக்கு ஆறு மாசம் என்பதால் வீட்டில் ஓய்வு.

பேரனுக்கு இது ரெண்டாவது படையெடுப்பு. போன வருஷம் ரோலர் கோஸ்டர் வாசலில் அளவுக்கோல் வைத்திருந்தார்கள். 120 சென்டிமீட்டர் வேண்டும். பயல் 118. நுனிக்காலில் எம்பி நின்றான். நான் விடவில்லை. "சட்டம்னா சட்டம். இடுப்புல போடற கம்பி பெரியவங்க உடம்புக்குன்னு செஞ்சது. உன்னைப் பிடிக்காது. வளர்ந்துட்டு வா" என்று நீதிபதி மாதிரி தீர்ப்பு சொன்னேன். பயல் அந்த ஒரு வருஷமும் தினம் ரெண்டு டம்ளர் பால் குடித்தான். ஜன்னல் கம்பியில் தொங்கினான். இப்போது 123!

வளர்ந்தது அவன் மட்டும் இல்லை. என் ரத்த அழுத்தமும்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் டாக்டர் பார்த்துவிட்டு, "மேலே 160, கீழே 100" என்றார். அறுபது அடிச் சரிவு ஒரு ரோலர் கோஸ்டருக்குப் பரவாயில்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் வாய் தவறி என் பொழுதுபோக்கைச் சொன்னதும் பேனாவை மூடிவிட்டு, "அதை மறந்துடுங்க" என்றார். உப்பு விஷயத்தை வீட்டில் சொன்னேன். மற்றது மறந்துவிட்டது. டாக்டரே மறக்கச் சொன்னாரே!

பூங்கா வாசலில் முதல் சோதனை. வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாதாம். ரெண்டு தூக்கு நிறையப் புளிச்சாதம். தூக்கிப் போட மனைவிக்கு மனசு வருமா? காலை ஒன்பதரை மணிக்கு, வேன் நிழலில் நின்றபடி நாலு பேரும் மத்தியானச் சாப்பாட்டை முடித்தோம். மாப்பிள்ளை என்பதால் அவருக்கு மூணு முறை பரிமாறப்பட்டது. உள்ளே போனதும் கொலம்பஸ் என்கிற ஆடுகப்பலில் அவர் முதலில் ஏறினார். அமெரிக்காவைக் கண்டுபிடிக்கவில்லை. புளிச்சாதத்தைத்தான் மறுபடி கண்டுபிடித்தார். அப்புறம் ஒரு புங்கமரத்தடியில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்தவர் படுத்தவர்தான்.

ரோலர் கோஸ்டர் வரிசையில் நான் பேரனுக்குப் பாடம் நடத்தினேன்.

"தாத்தா, இதுல இன்ஜின் எங்கே?"

"வண்டியில கிடையாது. முதல் மேடு வரைக்கும் ஒரு சங்கிலி இழுத்துக்கிட்டுப் போய் விட்டுடும். அப்புறம் தானா விழற வேகந்தான். மலை உச்சியில கை நழுவின தேங்காய் மாதிரி. அதனாலதான் முதல் மேடு உசரம், அடுத்தடுத்து வர்றது எல்லாம் குள்ளம்."

"கழண்டு விழாதா?"

நல்ல கேள்வி. தண்டவாளத்துக்கு மேலே ஒரு சக்கரம், பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று. கொடியில் காயப்போட்ட துணியைக் கிளிப்பு கவ்வுகிற மாதிரி மூணும் சேர்ந்து கவ்விக்கொள்ளும். அடிச் சக்கரத்துக்கு 1919-ல் ஜான் மில்லர் என்கிற அமெரிக்கர் காப்புரிமை வாங்கினார். அதற்கப்புறம்தான் செங்குத்தாக விழுகிற தைரியம் இந்த வண்டிகளுக்கு வந்தது.

முன்னால் நின்ற ரெண்டு காலேஜ் பையன்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஆள் சேர்ந்தால் எனக்கு நாக்கு நீளும். ரஷ்யாவில் குளிர்காலத்தில் மரச்சாரம் கட்டி, தண்ணீர் ஊற்றி உறைய வைத்துச் சறுக்கினதில்தான் இது ஆரம்பம். பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் இதை 'ரஷ்ய மலை' என்கிறார்கள். ரஷ்யர்களோ 'அமெரிக்க மலை' என்கிறார்கள். பழியை ஏற்க யாரும் தயாரில்லை. 1884-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் தாம்சன் என்பவர் 5 சென்ட் கட்டணத்தில் ஒன்றை ஓட்டினார். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம். எங்கள் ஊர்ப் பக்கம் மேட்டில் ஏறுகிற டவுன் பஸ் அதைவிட வேகம். அதே கடற்கரையில் 1895-ல் முழு வட்டமாக ஒரு சுற்று போட்டு, ஏறினவர்களின் கழுத்தைச் சுளுக்கினார்கள். 1976-ல் கலிபோர்னியாவில் ஒரு ஜெர்மன் கோஷ்டி அதைத் தண்ணீர்ச் சொட்டு மாதிரி, மேலே குறுக்கியும் கீழே அகட்டியும் வளைத்த பிறகுதான் கழுத்துகள் பிழைத்தன.

"வயிறு தொண்டைக்கு வருதே, அது ஏன் சார்?" என்றான் ஒரு பையன்.

"விழும்போது சீட்டும் விழுது, நீயும் விழறே, உன் குடலும் விழுது. எல்லாம் ஒரே வேகம். சீட்டு உன்னைத் தாங்கறதை நிறுத்திடுது. அதுதான் எடை இல்லாத நிலை. விண்வெளிக்காரங்களுக்கு மாசக்கணக்குல. நமக்கு ரெண்டு செகண்டு."

"எந்த சீட் நல்லது சார்?"

"கடைசி! முன் பெட்டி உச்சியைத் தாண்டும்போது மெதுவாத்தான் தாண்டும். கடைசிப் பெட்டி வர்றதுக்குள்ள முன்னால இருக்கறது எல்லாம் விழ ஆரம்பிச்சிருக்கும். சாட்டை நுனி மாதிரி இழுத்துக்கிட்டுப் போகும்!"

கைதட்டல்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் பேரன் வாசல் போர்டை எழுத்துக்கூட்டி, உரக்கப் படிக்க ஆரம்பித்தான். "இருதய நோய், உயர் ரத்த அழுத்தம், முதுகு வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள்... ஏறக்கூடாது." படித்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தான். "தாத்தா, காலையில பிரஷர் மாத்திரை போட்டியே?"

வரிசை அமைதியானது.

"அது... சின்ன மாத்திரைடா."

"சட்டம்னா சட்டம்னு சொன்னியே தாத்தா."

அவன் குரலில் கிண்டல் துளிகூட இல்லை. அதுதான் சங்கடம். ஒரு வருஷம் ஜன்னல் கம்பியில் தொங்கினவனின் முகம் அது. கேட்டில் நின்ற ஊழியர் என்னைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் உப்பு இல்லாத ரெண்டு மாசச் சாப்பாடும் இருந்தது. "டாக்டர் இதையும் சொன்னாரா?" என்றாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

வரிசையை விட்டு வெளியே வந்தேன். சின்னப் பையன் தனியாக ஏறக்கூடாது, பெரியவர் ஒருத்தர் கூட வரவேண்டும் என்றார் ஊழியர். மாப்பிள்ளை இருந்த திசையைப் பார்த்தோம். அவர் மரத்தடியிலிருந்து கையை மட்டும் தூக்கி ஆட்டினார். பேரனின் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

"நான் வர்றேன்" என்று ஒரு குரல். என் மனைவி!

திருத்தணி ராட்டினத்தில்கூட ஏறாதவள். எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் வராதவள். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பர்ஸ், ஹேர் கிளிப், கைக்குட்டை. முந்தானையை இழுத்துச் செருகினாள். "வாடா" என்று பேரன் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். போகிற போக்கில், "ஆயா, கடைசி சீட்டு!" என்று அவன் சொல்வது கேட்டது.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ரெண்டு பேருடைய செருப்பு. மாப்பிள்ளை ஷூவையும் எடுத்து வந்து வைத்துக்கொண்டேன், நாய் தூக்கிவிடும் என்று. மூணு ஜோடி.

வண்டி ஏற ஆரம்பித்தது. டக்... டக்... டக்... டக்...

அந்தச் சத்தம் எதனால் என்று எனக்குத் தெரியும். வண்டிக்கு அடியில் ஒரு இரும்பு நாக்கு. தண்டவாளத்துக்கு நடுவே ரம்பம் மாதிரி பல் வைத்த பட்டை. ஒவ்வொரு பல்லாக நாக்கு விழுந்து ஏறும். சங்கிலியே அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாது. ஆனால் ஒரு விஷயம் அன்றைக்குத்தான் உறைத்தது. நைனாவின் தறியிலும் இதேதான்! நெய்த துணியைச் சுற்றுகிற படமரத்தின் ஓரத்தில் ஒரு பல்சக்கரம், அதன்மேல் ஒரு கட்டை. டக், டக் என்று சுற்றும். சுற்றின துணி பின்னால் அவிழாது. அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்கினோம், வளர்ந்தோம். இத்தனை தடவை ஏறியிருக்கிறேனே, ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஏறுகிறவன் எங்கே சத்தத்தைக் கேட்கிறான்!

நைனாவுக்குத் தலை சுற்றுமா?

தோளில் காவடியோடு 365 படியும் ஒரு மூச்சில் ஏறுகிறவர். கூரை பிரித்து ஓலை மாற்ற ஆள் கூப்பிடாமல் தானே முகட்டில் ஏறி உட்காருகிறவர். நாலு மரப்பெட்டி உயரத்தில் அவருக்கா தலை சுற்றும்? மூணு நாலணா, முக்கால் ரூபாய். நாலாவது ஆளும் ஏறினால் ஒரு முழு ரூபாய். ஊருக்குத் திரும்ப ஐந்து பேருக்கு பஸ் டிக்கெட் வேறு.

ஐம்பது வருஷத்துக் கணக்கு, மூணு ஜோடி செருப்போடு உட்கார்ந்தபோதுதான் நேரானது. சரியா என்று கேட்க நைனா இல்லை.

ஒன்று ஞாபகம் வந்தது. பெட்டி ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் நாங்கள் மூணு பேரும் நைனா முகத்தைத் தேடுவோம். அதே இடத்தில், அதே பலூனோடு நின்றுகொண்டிருப்பார். உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

நான் எழுந்தேன். நிழலை விட்டு, வெயிலில், கம்பி வேலி ஓரமாக, அவர்கள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்றேன். கையில் செருப்புகளோடுதான். வண்டி உச்சிக்குப் போய், ஒரு நொடி யோசித்து, விழுந்தது. அந்தக் கூச்சலில் எது என் வீட்டுக் கூச்சல் என்று தெரியவில்லை. என் பிரஷர் அப்போது எவ்வளவு இருந்திருக்கும் என்று டாக்டரிடம் சொல்லப்போவதில்லை. ஏறியிருந்தால் குறைவாகவே இருந்திருக்கும்.

வண்டி நின்றது. பேரன் குதித்து ஓடி வந்தான். "தாத்தா! நீ கீழே செருப்போட நின்னே, நான் பார்த்தேன்!" பின்னால் மனைவி, தலைமுடி எல்லாம் விரிந்து, காளி மாதிரி. திட்டு வாங்கத் தயாராகக் கண்ணாடியை நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஏங்க..."

"சொல்லு."

"மேல போனதும் கடல் தெரியுதுங்க. கண்ணாடி இல்லாமலே தெரியுது, அவ்வளவு பெரிசு. ஒரே நீலம். முப்பத்து நாலு வருஷமா சக்கரம், சங்கிலி, ரஷ்யான்னு என்னென்னமோ சொன்னீங்களே... கடல் தெரியும்னு ஒரு நாள்கூடச் சொல்லலையே?"

நான் பதில் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? உச்சிக்குப் போனதும் நான் எப்போதுமே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன்.