பச்சோந்திக்குப் பிரசவம் பார்ப்பது எப்படி?

பச்சோந்தின்னு சொன்னாலே நம்ம மக்களுக்குக் கட்சி தாவுற அரசியல்வாதி ஞாபகம்தான் வரும். இந்தப் பதிவு அவங்களைப் பத்தி இல்லை. அவங்க எப்படியும் பொழச்சுக்குவாங்க :-) இது நிஜப் பச்சோந்தி பத்தினது. குறிப்பா, வயித்துல முட்டையோட மண்ணைத் தேடி மரத்தை விட்டு இறங்குற பெண் பச்சோந்தி பத்தினது.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். பச்சோந்திக்கு நாம செய்யக்கூடிய பெரிய உதவி, அது முட்டை போடக் கொஞ்சம் மண்ணை விட்டு வைக்கிறதும், அந்த நேரத்துல நாம விலகி நிக்கிறதும்தான். கூண்டுல வளர்க்கறவனுக்கும் இதே விதி, காரைக்கால்ல கொல்லை வச்சிருக்கறவனுக்கும் இதே விதி.

கூண்டுக்காரன் கதையை முதல்ல பார்ப்போம். கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் அமெரிக்காவுல பொட்டி தட்டுறான். வீட்டுல பச்சோந்தி வளர்க்கறான். நம்மூர் இனம் இல்லை. ஏமன், சவூதி பக்கத்து மலைகள்ல இருக்கற, தலையில உசரமா கொண்டை வச்ச இனம். அவன் இருக்கற ஊர்ல கடையிலயே வாங்கலாம், சட்டச் சிக்கல் கிடையாது. திடீர்னு அது சாப்பாட்டைக் குறைச்சுட்டு கூண்டோட அடியில சுத்திச் சுத்தி வர ஆரம்பிச்சிருக்கு. ஆணையே பார்க்காத பொண்ணு, ஆனா வயித்துல முட்டை! சேவல் இல்லாமலே கோழி முட்டை போடுதில்லையா, அதே கதைதான். அந்த முட்டை பொரிக்காது. ஆனா வெளியில வந்தே ஆகணும்.

வரலைன்னா தாய் செத்துடும். சுண்ணாம்புச் சத்து குறைஞ்சாலோ, புறஊதா விளக்கு இல்லைன்னாலோ, தண்ணி பத்தலைன்னாலோ முட்டை உள்ளேயே தங்கிடும். இதெல்லாம் சரியா இருந்தும், தோண்ட நல்ல இடம் கிடைக்கலைன்னா அடக்கி வச்சுக்கிட்டே கிடந்து செத்துப்போறதும் உண்டு.

அதுக்கு வேண்டியது ஒரு பெரிய தொட்டி. ஒரு அடி ஆழத்துக்கு மண்ணும் மணலும் கலந்து ஈரப்படுத்தணும். கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், பிழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாது. விரலால ஒரு பொந்து போட்டுப் பார்த்தா சரியாம இருக்கணும். ஏன்னா அது சுரங்கம் மாதிரி தோண்டிக்கிட்டு உள்ள போகும், மண் சரிஞ்சா அதுலயே மாட்டிக்கும். அப்புறம் கூண்டைத் துணியால மூடிட்டு ஆள் விலகிடணும். இதுதான் கஷ்டமான பகுதி. யாரோ பார்க்கறாங்கன்னு தெரிஞ்சா பாதியில தோண்டுறதை விட்டுடும். நாலு தடவை இப்படி நடந்தா முட்டை உள்ளேயே நின்னுடும். போன்ல வீடியோ எடுக்கணும்னு அலையறவங்க கவனிக்க.

அது தானா குழியை மூடிட்டு மேல ஏறின பிறகுதான் நாம கை வைக்கலாம். உடனே தண்ணி கொடுக்கணும், தீனி கொடுக்கணும். கண் உள்ள குழிஞ்சு, பகல்லயும் கண்ணை மூடிக்கிட்டு, முட்டை போடாம தரையில சோர்ந்து கிடந்தா கைவைத்தியம் வேண்டாம். ஊர்வன பார்க்கத் தெரிஞ்ச மருத்துவர்கிட்ட ஓடணும். இன்னொரு விஷயம், பாசத்துல அளவுக்கு மீறி ஊட்டினா இந்த இனம் ஒரே ஈட்டுல அறுபது, எழுபது முட்டை கூட வைக்கும். அந்தச் சுமை அதோட ஆயுசைத்தான் குறைக்கும்.

இதைப் படிச்சுட்டு வேலியில இருக்கறதைப் பிடிச்சுட்டு வந்து வளர்க்கலாம்னு யாரும் கிளம்பிடாதீங்க. நம்ம நாட்டுப் பச்சோந்தி 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிக்கறது, வளர்க்கறது, விக்கறது எல்லாமே குற்றம். வெளிநாட்டு இனம்னாலும், 2022-ல வந்த திருத்தமும் 2024-ல வந்த விதிகளும் பதிவு பண்ணச் சொல்லுது. நான் இந்தச் சட்டத்தோட பக்கம்தான். மேல சொன்ன தொட்டி, விளக்கு, மருத்துவர் எல்லாம் நம்மூர்ல எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஊசி போடத் தயாரா இருக்கற டாக்டர் நிறைய பேர் இருக்கலாம். பச்சோந்தி வயித்துல கை வச்சுப் பார்த்துச் சொல்றவர் எத்தனை பேர்?

அப்ப நமக்கு இதுல என்ன வேலை? இருக்கு. நம்ம கொல்லைதான் அந்தத் தொட்டி.

நம்ம இனம் தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் இருக்கு. வருஷம் பூரா செடி, மரத்துலயே பொழுதைக் கழிக்கும். முட்டை போடத்தான் பெண் தரைக்கு வந்தாகணும். கோடையில நம்ம களிமண் வெடிச்சுக் கிடக்கும், நகத்தால கீறக்கூட முடியாது. வடகிழக்குப் பருவமழை வந்துதான் மண் இளகும். அந்த நேரத்துல வயிறு பருத்து, ஏற்கெனவே மெதுவா நடக்கறது இன்னும் மெதுவாகி, நாய், பூனை, காக்கா, பைக் டயர் எல்லாத்துக்கும் நடுவுல அது தரையில நடக்குது. முன்னங்காலால குழி தோண்டி, முட்டை போட்டு, மூடி, மிதிச்சு, மறைச்சுட்டுத் திரும்ப மரம் ஏறணும். அதுக்கப்புறம் முட்டை மாசக்கணக்குல மண்ணுக்குள்ளயே கிடக்கும். மடகாஸ்கர்ல ஒரு பச்சோந்தி இனம் இருக்கு. அது எட்டு ஒன்பது மாசம் முட்டைக்குள்ள இருந்துட்டு, வெளியில வந்து நாலஞ்சு மாசத்துல வாழ்க்கையை முடிச்சுக்குது. வாழ்க்கையில பெரும்பகுதி மண்ணுக்குள்ள!

நாம என்ன பண்றோம்? நிரவி, கோட்டுச்சேரி, நெடுங்காடு எந்தப் பக்கம் வேணும்னாலும் போய்ப் பாருங்க. கிளுவை வேலி, பூவரசு வேலி போய் காம்பவுண்டு சுவர் வந்துடுச்சு. வாசல்ல இருந்து கொல்லை வரைக்கும் சிமெண்ட். 2018 கஜா புயல்ல டெல்டாவுல லட்சக்கணக்குல மரம் சாஞ்சுது. அது இயற்கை. மிச்சம் இருந்த வேலியை வெட்டினது நாம. அதுவும் மழைக்கு முன்னாடி, சரியா முட்டை போடுற நேரமாப் பார்த்து, ‘சுத்தம்’ பண்றோம்.

“புதர் இருந்தா பாம்பு வரும் தம்பி”ன்னு பெரியவங்க சொல்றது நியாயமான பயம். நான் அதைக் கிண்டல் பண்ண மாட்டேன். வாசல், கிணத்தடி, குழந்தைங்க விளையாடுற இடம் எல்லாம் சுத்தமா வச்சுக்கங்க. நான் கேக்கறது கொல்லைக் கடைசியில வேலியோரமா நாலுக்கு நாலு மண் மட்டும்தான். பச்சோந்திக்கு விஷம் கிடையாது. அது பார்த்தா ஆகாது, துப்பினா வியாதி வரும்ங்கறதெல்லாம் கட்டுக்கதை. ராமருக்கு மூத்திரம் கொடுத்துச்சுன்னு கதை சொல்லி ஓணானைக் கல்லால அடிச்ச பரம்பரை நாம. அந்த ஓணானும் இதே மண்ணுலதான் முட்டை போடுது.

நம்மால முடியாத விஷயமா இது? பங்குனி ஆமை கரையேறினா இப்ப டார்ச் அடிக்கக் கூடாதுன்னு நிறைய பேருக்குத் தெரியும். சென்னையில மாணவர்கள் 1988-ல இருந்து ராத்திரி கடற்கரையில நடந்து ஆமை முட்டையைப் பாதுகாக்கறாங்க. நாகை மாவட்டத்துல வனத்துறை பொரிப்பகம் நடத்துது. கடல்ல இருந்து வர்ற தாய்க்கு மரியாதை கொடுக்கக் கத்துக்கிட்டோம். மரத்துல இருந்து வர்ற தாய்க்கு அவ்வளவு கூட வேலை இல்லை. தோண்டுறதைப் பார்த்தா நாயைக் கட்டுங்க, பசங்களை உள்ள கூப்பிடுங்க, முட்டையை எடுக்காதீங்க, அடுத்த மழை வரைக்கும் அந்த இடத்தைக் கொத்தாதீங்க. அடிபட்டிருந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க.

புது வீடு கட்டறவங்க கொத்தனார்கிட்ட இதை இப்பவே சொல்லிடுங்க. சிமெண்ட் போட்ட பிறகு எந்தப் பச்சோந்தியும் வந்து மனு கொடுக்காது.