பெயர் சொல்லும் நிலம்

பிரான்சு தேசத்துப் பர்கண்டி நாட்டிலே, போன் நகரிலிருந்து சாந்தனே என்னும் ஊர்வரை, கொடிமுந்திரித் தோட்டங்களினூடே 22 கிலோமீற்றர் நீளமான துவிச்சக்கரவண்டிப் பாதையொன்று செல்கின்றது. யான் அதனை இரு தினங்களிற் கடந்தேன். மோட்டார் வண்டிக்கு அது அரைமணி நேர வழியன்றோ எனச் சிலர் நகைத்தனர்.

அன்பர்களே, அந்நாட்டில் ஒவ்வொரு தோட்டத் துண்டுக்கும் தனிப்பெயர் உண்டு. பல இடங்களில் அப்பெயர் கற்சுவரிலே பொறிக்கப்பட்டுள்ளது. அதனைப் படித்துச் செல்லத் துவிச்சக்கரவண்டியின் வேகமே ஏற்றது. அத்துண்டைக் ‘கிளிமா’ என்பர். பொதுவழக்கில் அச்சொல் காலநிலையைக் குறிக்கும். அங்கே நிலத்தைக் குறிக்கின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கற்றோர்க்கு இது வியப்பன்று. இத்தகைய 1,247 துண்டுகளை 2015 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது.

மொன்ராஷே என்னுந் தோட்டம் ஏறத்தாழ எட்டு ஹெக்டேயரே. அதனைப் பங்கிட்டுக்கொண்ட புலீனி, ஷசாஞ் என்னும் இரண்டு ஊர்களும் 1879 இல் அதன் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டன. இது வாணிகத் தந்திரம் என்பாருமுளர். ஆகலாம். ஆயினும், இங்குள்ள பல தோட்டப் பெயர்கள் இடைக்காலந்தொட்டு உழவர் நாவில் வழங்கியவை. விலை பின்னரே வந்தது.

நிலநூல் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவரை வெளியே அழைத்துச் செல்லுக, மெல்லச் செல்லுக. விரைந்து செல்வோர் நிலத்தின் பெயரை அறியார். பெயரறியா நிலத்தைப் பேணுவாரும் இலர்.