முத்திரை மாறினால் சரக்கு மாறுமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நல்லூரில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். விருத்தாசலத்தில் பீங்கான் சூளை ஒன்றுக்கு அவர் சொந்தக்காரர். அகல் விளக்கு, பொம்மை, தேநீர்க் கோப்பை, ஊறுகாய் ஜாடி எல்லாம் அவருடைய சூளையில் வெந்து வெளியே வருகின்றன. அவருடைய மூத்த பெண் என்னிடம் படித்தவள். இந்த வருஷம் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு மடிக் கணினி வாங்க வேண்டும். அதுதான் அவர் வந்த காரியம்.

"வாத்தியார் ஐயா! 'திங்க்பேட்' என்று ஒன்று இருக்கிறதாமே, அதை வாங்கச் சொல்லிப் பாப்பாவுக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். கடைத் தெருவில் விசாரித்தால், 'அது ஐ.பி.எம். கம்பெனியாரிடம் இருந்த வரையில் கல் மாதிரி. கைமாறிய பிறகு வெறும் பெயர்தான்' என்கிறார்கள். போன கார்த்திகையில் அகல் விளக்கு விற்ற பணத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு பெயரை நம்பி அதைக் கொட்டலாமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பெரிய கம்பெனிக்காரர்களுக்கு இது ஒரு நாள் வியாபாரம். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கோ நாலு வருஷப் படிப்புக்குத் துணையாக நிற்க வேண்டிய சாமான். ஆகையால் எனக்குத் தெரிந்த வரையில் விஷயத்தை அவருக்கு விவரமாகச் சொன்னேன். நேயர்களிலும் பலருக்கு இதே சந்தேகம் இருக்கக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

திங்க்பேட் என்ற பெயருடன் புகழ் பெற்ற மடிக் கணினி 1992-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வெளிவந்தது. உருவம் வகுத்தவர் ரிச்சர்ட் ஸாப்பர் என்னும் ஜெர்மானியர். ஜப்பானியர் சாப்பாடு எடுத்துப் போகும் கறுப்பு அரக்குப் பெட்டியைப் பார்த்து அவர் அந்த வடிவத்தை அமைத்தார் என்பார்கள். உள்ளே இருக்கும் யந்திர வேலையை ஜப்பானிலுள்ள யாமாட்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் அரிமாஸா நைட்டோ என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் செய்தார்கள். விசைப் பலகையின் நடுவே ஒரு சிவப்புக் குமிழ்; அழுத்தமான விசைகள்; எளிதில் முறியாத கீல். இவற்றினால் அதற்கு நல்ல பெயர் ஏற்பட்டது.

2004-ம் வருஷம் டிசம்பரில் ஐ.பி.எம். கம்பெனியார் தங்கள் கணினிப் பிரிவைச் சீன தேசத்து லெனோவோ கம்பெனிக்கு விற்கப் போவதாக அறிவித்தார்கள். ரொக்கமும் பங்குமாக 125 கோடி டாலர்; அதற்கு மேல் 50 கோடி டாலர் கடன் பொறுப்பு. 2005-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி கைமாற்றம் முடிந்தது. "இனி திங்க்பேட் செத்தது!" என்று அன்றைக்கே பலர் ஒப்பாரி வைத்துவிட்டார்கள்.

ஆனால் அன்று உண்மையில் மாறியது என்ன? ஒப்பாரி வைத்தவர்களில் பலர் கவனியாத சங்கதி ஒன்று உண்டு. ஐ.பி.எம். பெயர் பொறித்து விற்ற காலத்திலேயே திங்க்பேட்டுகளில் பெரும் பகுதி சீனத்து ஷென்ஜென் நகரிலுள்ள கூட்டுத் தொழிற்சாலையில்தான் செய்யப்பட்டு வந்தது. யாமாட்டோ ஆராய்ச்சிக்கூடம் ஆட்களோடு அப்படியே புதிய முதலாளியிடம் போயிற்று. நைட்டோ போனார். ஐ.பி.எம்.மில் உருவ அமைப்புக்குத் தலைவராக இருந்த டேவிட் ஹில் போனார்; 2017 வரையில் அந்த வேலையில் இருந்தார். ஸாப்பரும் ஆலோசகராகத் தொடர்ந்தார். நமக்கு வெகு அருகில், புதுச்சேரியிலும் 2005 முதல் லெனோவோவின் கணினிகள் உருவாகின்றன. ஆக, பத்திரத்தில் கையெழுத்து மாறியதே தவிர, வரைந்த கையும் முடுக்கிய கையும் மாறவில்லை.

அடுத்த வருஷமே, அதாவது 2006-ல், டி60 என்னும் மாதிரி வந்தது. அதன் உடம்புக்குள் மக்னீஷியத்தால் ஒரு கூண்டு அமைத்து, கீழே விழுந்தாலும் நெளிந்தாலும் உள்ளுறுப்புக்களுக்குச் சேதம் வராதபடி காத்தார்கள். 2008-ல் எக்ஸ்300 என்னும் மெல்லிய மாதிரி வந்து பெரும் பாராட்டைப் பெற்றது. கைமாறிய முதல் சில வருஷங்களில் தரம் வீழ்ந்தது என்று சொல்ல இடமே இல்லை.

"அப்படியானால் கடைக்காரர் சொன்னது பொய்யா?" என்றார் நண்பர்.

முழுப் பொய் என்றும் சொல்வதற்கில்லை. மாறுதல்கள் பிற்பாடு ஒவ்வொன்றாக வந்தன. 2010-ல் 'எட்ஜ்' என்ற குறைந்த விலை வரிசைக்கும் திங்க்பேட் என்ற பெயரையே சூட்டினார்கள். 2012-ல் ஏழு வரிசை கொண்ட பழைய விசைப் பலகை போய், ஆறு வரிசை கொண்ட தட்டை விசைகள் வந்தன. 2013-ல் சிவப்புக் குமிழுக்குத் துணையாக இருந்த தனிப் பொத்தான்களை எடுத்துவிட்டார்கள். வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் 2015-ல் அவை திரும்பி வந்தன. பிறகு நினைவகச் சில்லைத் தாய்ப் பலகையோடு பற்றவைத்துவிடும் மாதிரிகளும் பெருகின. முன்பெல்லாம் நாலு திருகாணியைக் கழற்றி நாமே மாற்றக்கூடியதாக இருந்த உறுப்பு, இவற்றில் அசைக்க முடியாததாகிவிட்டது.

இவையெல்லாம் முதலாளி மாறியதனால்தான் வந்தனவா என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி. ஆப்பிள் கம்பெனியைப் பாருங்கள். அதை யாரும் விலைக்கு வாங்கவில்லை. ஆயினும் அவர்கள் கணினியை மெல்லியதாக்கும் ஆசையில் 2015-ல் 'பட்டாம்பூச்சி' என்னும் புதுவித விசையைப் புகுத்தினார்கள். தூசி புகுந்தால் போதும். சில எழுத்து விழாது, சில எழுத்து இரண்டு தரம் விழும். 2018-ல் இலவசமாகப் பழுது பார்த்துத் தருவதாக அறிவிக்க நேர்ந்தது. 2020-க்குள் அந்த விசையையே கைவிட்டார்கள். 2022-ல் 5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு வழக்கைச் சமரசம் செய்துகொண்டார்கள். சொந்தக்காரர் மாறாமலே சரக்கு மாறியதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

முதலாளி மாறியதால் சரக்கு தேறியதற்கும் உதாரணம் உண்டு. அதுவும் நம் ராஜ்யத்திலேயே. 1955 முதல் சென்னையில் உருவாகி வரும் என்ஃபீல்டு புல்லட்டை அறியாதவர் யார்? 1994-ல் அந்தக் கம்பெனி ஐஷர் குழுவுடன் சேர்ந்தது. நின்ற இடத்தில் எண்ணெய் ஒழுகும் வண்டி என்று கேலிக்கு ஆளாகியிருந்த புல்லட்டுக்கு, 2010-க்குள் அந்தக் குறை பெரிதும் நீங்கிய புதிய என்ஜின் கிடைத்தது.

இந்த இடத்தில் நண்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்களிடம் சொல்வதற்கென்ன? என் கதையும் இதுதான்" என்று ஆரம்பித்தார்.

அவர் சூளையை இன்னொருவரிடமிருந்து விலைக்கு வாங்கியவர். பழைய முதலாளியின் முத்திரையைக் கோப்பையின் அடியில் போடும் உரிமையும் சேர்ந்தே வந்தது. தீ மூட்டுகிறவர், களிமண் பிசைகிறவர், பூச்சு முக்குகிறவர் எல்லாரும் பழைய ஆட்களே. ஆகவே முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருஷம் எரிபொருள் விலை ஏறிற்று. வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். "சூட்டைக் கொஞ்சம் குறைத்து, நேரத்தையும் கொஞ்சம் குறைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்று நினைத்தாராம். தீ மூட்டுகிற பெரியவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இவர் கேட்கவில்லை.

கோப்பை பார்வைக்கு முன்போலவே பளபளத்தது. ஆனால் சரியாக வேகாத மண் மெல்ல மெல்ல ஈரத்தை இழுக்கும், இழுத்து உப்பும். மேலே உள்ள பூச்சோ உப்பாது. ஆறு மாதத்தில் கோப்பை முழுவதும் மயிரிழை போல் விரிசல் கண்டது. தேநீர்க் கறை அந்த விரிசலில் இறங்கியது. கும்பகோணத்திலிருந்து ஒரு வியாபாரி முழு லோடையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

"முத்திரை மாறவில்லை, ஆள் மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. என் கணக்குப் புத்தகம்தான் மாறிற்று. அப்புறம் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சூட்டைப் பழையபடி ஏற்றினேன். அந்த வியாபாரி திரும்பி வர மூன்று வருஷம் ஆயிற்று, ஐயா" என்றார்.

நான் அரை மணி நேரம் சொன்னதை அவர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார்! தரம் என்பது சொந்தப் பத்திரத்தில் இல்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எதில் மிச்சம் பிடிப்பது என்று ஒருவர் தினந்தோறும் செய்யும் தீர்மானத்தில் இருக்கிறது. புது முதலாளி அந்தத் தீர்மானத்தை மாற்றலாம். பழைய முதலாளியும் மாற்றலாம். மாற்றியதன் பலன் அன்றைக்கே தெரியாது என்பதுதான் வாங்குகிறவர்களுக்குள்ள சங்கடம்.

ஒரே முதலாளியின் கீழேயே இரண்டு விதத் தீர்மானங்கள் இருப்பதும் உண்டு. 2014-ம் வருஷக் கடைசியில் லெனோவோவின் வீட்டு உபயோக மடிக் கணினிகள் சிலவற்றில் 'ஸூப்பர்ஃபிஷ்' என்னும் விளம்பரச் செயலியைச் சேர்த்து விற்றார்கள். அது பாதுகாப்பையே ஓட்டை போட்டுவிட்டது என்று 2015 பிப்ரவரியில் வெளிப்பட்டு, பெரிய அவமானம் ஆயிற்று. திங்க்பேட் வரிசையில் அது இல்லை. ஆகையால், "இந்தக் கம்பெனி நல்லதா, கெட்டதா?" என்று கேட்பதைவிட, "இந்த மாதிரி எப்படி?" என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

பெயரை வாங்க யாருமில்லாமல் போவது வேறு விதமான துரதிர்ஷ்டம். எச்.சி.எல்., விப்ரோ என்ற நமது சுதேசக் கம்பெனிகள் இரண்டும் கணினி செய்வதை 2013-ம் வருஷத்தில் விட்டுவிடத் தீர்மானித்தன. கைமாறிய பெயருக்காவது உதிரி உறுப்புக் கேட்க ஒரு வாசற்படி உண்டு. வரைவதற்கும் சோதிப்பதற்கும் நம் தேசத்தில் ஒரு யாமாட்டோ வளராத வரையில், பிறர் விற்றார்கள், பிறர் வாங்கினார்கள் என்று நாம் திண்ணையில் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கடைசியாக நண்பருக்குச் சொன்ன யோசனை இதுதான். கடையில் மூடியை ஒரு கையால் திறந்து பார்க்க வேண்டும். கீல் தளர்ந்து ஆடக் கூடாது. விசைப் பலகையின் நடுவில் விரலால் அழுத்தினால் குழியக் கூடாது. கவிழ்த்துப் பார்த்து, அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்ற முடியுமா, நினைவகமும் மின்கலமும் மாற்றத் தக்கவையா என்று கேட்க வேண்டும். பழுது பார்க்கும் கையேட்டைக் கம்பெனியார் வெளியிட்டிருக்கிறார்களா, உத்தரவாதம் எத்தனை வருஷம், கடலூரிலோ புதுச்சேரியிலோ பழுது பார்க்கும் நிலையம் உண்டா என்று விசாரிக்க வேண்டும். அதே மாதிரியை இரண்டு வருஷமாக உபயோகித்தவர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுவது எல்லாவற்றிலும் மேல். மயிரிழை விரிசல் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

புதன்கிழமை தகப்பனாரும் பெண்ணும் கடலூருக்குப் போய் வாங்கி வந்தார்கள். எந்த மாதிரி என்று நான் எழுதப் போவதில்லை. அதைக் கேட்டு அதையே வாங்கிவிடுவார்கள் என்ற பயம்தான்! ஆனால் கடையில் நடந்ததை நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெண் முகப்பில் இருந்த பெயரைப் பார்க்கவேயில்லையாம். கணினியை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்து, சூளையில் கோப்பையைச் சுண்டிப் பார்ப்பதுபோல் அடித் தகட்டை விரலால் ஒரு சுண்டு சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டாளாம்.

"கடைக்காரர் திகைத்துப் போய்விட்டார், ஐயா!" என்றார் நண்பர். அவர் குரலில் இருந்த பெருமைக்கு எந்தக் கம்பெனியின் முத்திரையும் தேவைப்படவில்லை.