மருந்துக்கு விலாசம் உண்டு; லயத்துக்கு?

நோய்க்குக் காரணமான மரபணுவை அழிக்காமலே அதன் வாயை மாத்திரம் அடைத்துவிடும் மருந்துகள் இன்று உலகில் உலவுகின்றன. 1998ஆம் ஆண்டில் அன்ட்ரூ பயர், கிரெய்க் மெல்லோ என்னும் அமெரிக்க அறிஞர்கள் ஒரு சிறு புழுவிற் காட்டிய வித்தை இது. 2006இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால், நோயாளிக்கு மருந்து கிடைக்கவில்லை! இரத்தத்தில் விட்ட ஆர்.என்.ஏ. துண்டு சிறிது நேரத்திலேயே சிதைந்தது; சிதையாதது சிறுநீரோடு போயிற்று. உரிய உறுப்பிற் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடாயிற்று. கொழுப்புத் துணிக்கையிற் பொதிந்து ஈரலுக்கு அனுப்பிய முதல் மருந்தை அமெரிக்கா 2018இலேதான் அங்கீகரித்தது. இதற்கிடையில், ஈரற் கலம் இனங்கண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒருவகைச் சர்க்கரையை மருந்தோடு பிணைத்தனர். மருந்துக்கு விலாசம் கிடைத்துவிட்டது.

அவ்வாறு பிணைத்ததே இன்கிளிசிரான். இரத்தத்திலுள்ள தீய கொழுப்பை ஈரல் அகற்றவிடாது தடுக்கும் புரதத்தை, அது பிறக்குமிடத்திலேயே இது அடக்குகிறது. முதல் ஊசி, மூன்றாம் மாதம் மற்றொன்று, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒன்று. குளிர்ப்பெட்டி வேண்டியதில்லை.

இது யாருக்கு ஏற்ற மருந்து? கொழும்புச் சீமான் நாள்தோறும் மாத்திரை விழுங்கலாம். அதற்கு அவருக்கு ஒரு நட்டமுமில்லை. மடுல்சீமையிற் கொழுந்தெடுக்கும் தாயோ, பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு நாளும் ஒரு பேரை இழக்கிறாள். பஸ் கூலி வேறு. கிளினிக் தவறினால் மாத்திரை தவறும். மலிவான மாத்திரை போதுமானவர்களுக்கு அதுவே போதும், நாம் மறுக்கவில்லை. போதாதவர்களுக்கு ஆண்டில் இரண்டு ஊசி என்பது தோட்டத்துக்கென்றே செய்தது போன்றதல்லவா?

"லயத்துக்கு முதலில் பெனடோல் வரட்டும்" என்று நகைப்போர் உளர். அந்த நகைப்பே நம் வழக்குக்குச் சாட்சி. நாட்டுக்கெல்லாம் இலவச வைத்தியம். தோட்டத்துக்கு மட்டும் துரைமார் காலத்து மருந்தகம்! 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசு ஏற்றது. ஏனையவை இன்னும் வாசலில் நிற்கின்றன. லயத்து வீட்டுக்குத் தனி விலாசமின்றிக் கடிதம் தோட்டக் கந்தோரிலே தங்கும் நிலையும் பல இடங்களில் மாறவில்லை. கிளினிக் அட்டையிலே எந்த விலாசத்தை எழுதுவது?

விலை அதிகம் என்பர். இங்கிலாந்து அரசு 2021இல் கம்பனியோடு பேரம்பேசித் தன் மக்களுக்கு இதைப் பெற்றுக்கொண்டது. கம்பனி இணங்காவிடின், பொதுச் சுகாதாரத்துக்காகக் காப்புரிமையை மீறிச் செல்லும் வழியை 2001ஆம் ஆண்டுத் தோஹா பிரகடனம் ஏற்றிருக்கிறது. மருந்துக் கம்பனிகளை எதிர்த்து நின்ற சேனக்க பிபிலேயின் குடும்பம் வந்ததும் இதே ஊவா மண்ணிலிருந்தன்றோ?

சுகாதார அமைச்சை நாம் கேட்பது இரண்டு. பேரம் எப்போது தொடங்கும்? ஊவாவில் எஞ்சியுள்ள தோட்ட மருந்தகங்களை எந்தத் தேதியில் பொறுப்பேற்பீர்கள்?