துருவ ஒளிக்குக் குரல் இல்லை

"துருவ ஒளி பாடுகிறது, கேளுங்கள்!" ஆண்டுக்கு ஒருமுறையாவது ஏதோ ஓர் அறிவியல் பக்கத்திலோ காணொளியிலோ இந்த வரி வந்துவிடுகிறது. நார்வே வானில் பச்சைத் திரை ஆடும். பின்னணியில் பறவைக் கூட்டம் கீச்சிடுவது போலவும் யாரோ நீளமாக விசிலடிப்பது போலவும் சத்தம் வரும். அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு தவறைப் பல ஆண்டுகளாகப் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அது சத்தமே அல்ல. ஒளி தோன்றுவது சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலே. அங்கே ஒலியைச் சுமந்து வரக் காற்று போதாது. இந்தப் பதிவுகளில் ஆன்டெனா பிடித்தது சில ஆயிரம் ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை. ஒலிபெருக்கி அதைச் சத்தமாக்கியது.

அந்த விசிலுக்கு மூலம் மின்னல். மின்னலின் ரேடியோ அலை பூமியின் காந்தக் கோட்டின் வழியே விண்வெளிக்கு ஏறி, எதிர் அரைக்கோளத்தில் இறங்குகிறது என்பதை 1953-இல் கேம்பிரிட்ஜின் எல்.ஆர்.ஓ. ஸ்டோரி விளக்கிவிட்டார். உயர் அதிர்வெண் முந்துகிறது, தாழ்ந்தது பிந்துகிறது. அதனால்தான் விசில் மேலிருந்து கீழே வழுக்குகிறது. வாரணாசியிலும் நைனிடாலிலும்கூட நம் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே எந்தத் துருவ ஒளி பாடியது?

கீச்சிடும் 'கோரஸ்' அலைக்குத் துருவ ஒளியோடு உண்மையான உறவு உண்டு. ஆனால் 'ஒளி பாடுகிறது' என்போர் அதைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். கோரஸ் பிறப்பது ஒளித்திரையில் அல்ல. பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில், பூமியின் காந்த நடுக்கோட்டுத் தளத்தையொட்டி. சூரியக் காற்றின் கிளர்ச்சியால் அங்கே வந்து சேரும் எலெக்ட்ரான்கள்தான் அந்த அலையை எழுப்புகின்றன. வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் இடையே காந்தக் கோட்டில் ஊசலாடிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரான்களை அலை திசைமாற்றுகிறது. பிடி தளர்ந்தவை வளிமண்டலத்தில் கொட்டுகின்றன. அவை மோதும் இடத்தில் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒளித்திட்டு மின்னி மங்குகிறது. இதற்குத் துடிக்கும் துருவ ஒளி என்று பெயர். கோரஸின் வலிமை ஏறி இறங்குவதும் ஒளி துடிப்பதும் ஒத்துப்போவதை 2010-இல் தெமிஸ் செயற்கைக்கோள் தரவுகள் காட்டின. ஜப்பானின் அராசே செயற்கைக்கோள், கொட்டும் எலெக்ட்ரான்களையே விண்வெளியில் நேரடியாக அளந்தது. முடிவு 2018-இல் வெளியானது. ஆக, அலை முதலில், ஒளி பிறகு. விளைவைக் காரணமாக்குவது பிழை, கவித்துவம் என்று அதை மன்னிக்க முடியாது.

பிரகாசமான ஒளித்திரையோடு வரும் 'ஹிஸ்' என்ற ரேடியோ இரைச்சலை, ஒளி பாடுவதற்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. கீழ்நோக்கிப் பாயும் எலெக்ட்ரான் கற்றைதான் இரண்டுக்கும் காரணம். இரைச்சலை ஒளி பெற்றெடுக்கவில்லை.

இத்தகைய பதிவுகளை வெளியிடுவோர் எந்த ஊரில், எந்த நாளில், எந்த அதிர்வெண்ணில் பிடித்தது என்று எழுதட்டும். விசிலா, கோரஸா என்பதையும் சொல்லட்டும். பார்ப்பவர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.